வலப்பக்கத்துப் பொட்டு

டிசம்பர் 3, புதன்

உரக்கடைக்காரர் ஜனவரியில் ஓசியாகக் கொடுத்த டைரி இது. பதினோரு மாதம் வெள்ளையாகக் கிடந்தது. இன்று ஒரு சபதம் போட்டுவிட்டேன். அதற்குச் சாட்சி வேண்டும் என்று எடுத்தேன். ஜனவரி பக்கத்துத் தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன். யார் கேட்கப் போகிறார்கள்?

அப்பாவின் முதல் வருஷத் திவசம் முடிந்து இலை எடுக்கக்கூட இல்லை. அண்ணன் சௌந்திரபாண்டி ஆரம்பித்துவிட்டார்.

"வேலு, அந்த ஜீப்பைக் குடுத்துத் தொலைச்சிருவோம். பைபாஸ்ல புதுசா ஓட்டல் கட்டுறவரு கேக்குறாரு. வாசல்ல மேடை கட்டி, சக்கரத்தைச் சிமெண்டுல பதிச்சு, கலர் லைட்டுப் போட்டு நிப்பாட்டி வெப்பாராம்."

"சிமெண்டுல பதிக்கவா? அதுக்குப் பேரு சமாதிண்ணே."

"ஓடாத வண்டி வேற என்னத்துக்கு ஆகும்?"

"யாரு சொன்னா ஓடாதுன்னு?"

அய்யா, அதாவது எங்கள் தாத்தா, மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி. அவருக்குப் பின் அப்பா. மலைமேல் இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு இந்த ஜீப்பைத் தவிர எதுவும் ஏறாது. அப்பா படுத்த பிறகு மூன்று வருஷமாக இந்த வீட்டுக் கொட்டகையில் அண்ணனின் இலவம்பஞ்சு மூட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது. இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் பொது.

பேச்சு முற்றியது. கடைசியில் அண்ணன் சொன்னார்: "ஜனவரி முப்பத்தொண்ணோட ஆர்.சி. முடியுது. அதுக்குள்ள புதுப்பிச்சுக் காட்டு. வண்டி ஒனக்கு. இல்லேன்னா மேடைதான்."

சரி என்றேன். முப்பது வருஷமாகப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விசில் ஊதும் பி.டி. டீச்சர் நான். சவாலுக்குப் பின்வாங்கிப் பழக்கமில்லை.

டிசம்பர் 6, சனி

மெக்கானிக் காசிம் பாயைக் கூட்டி வந்தேன். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டிக்கு வைத்தியர் அவர்தான். மூட்டைகளை இறக்கித் தார்ப்பாயை விலக்கினோம். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. வயர் ஒன்றுகூடப் பாக்கியில்லை.

பாய் பானெட்டைத் திறந்து, முகர்ந்து, தட்டி, காதை வைத்துப் பார்த்தார்.

"எஞ்சின் செத்துப் போகல டீச்சரம்மா. தூங்குது."

"எழுப்புங்க பாய்."

"எழுப்பிரலாம். பிரேக்குதான் பூராவும் புதுசாப் பாக்கணும். ஆமா, டெஸ்டுக்கு யாரு ஓட்டிட்டுப் போறது? நீங்களா?"

"நீங்கதான். எனக்குக் கண்ணாடி பவர் மாறிப்போச்சு."

டிசம்பர் 9, செவ்வாய்

மழை. ஒன்றும் நடக்கவில்லை. கோபம் மட்டும் வந்தது.

டிசம்பர் 13, சனி

ஓடிவிட்டது! காலை பதினொன்றே கால் மணிக்கு எங்கள் ஜீப் உறுமிவிட்டது!

முதலில் இருமியது. பிறகு ஒரு கரும்புகையைக் கக்கியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் எல்லாம் கூரைக்கு ஏறிவிட்டன. அப்புறம் சீராக ஓட ஆரம்பித்ததும் நான் என்னை மறந்து விசிலை எடுத்து ஊதிவிட்டேன். பாய் காதைப் பொத்திக்கொண்டார்.

"தாயீ, வண்டி சத்தத்தை நான் கேக்கணும்ல?"

ஊதாமல் எப்படி இருப்பது? அப்பாவுக்குப் பிறகு இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. மத்தியானம் பாய்க்கு மீன்குழம்பு வைத்தேன். நானும் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 20, சனி

பிரேக் முடிந்தது. பாய் வண்டியைப் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்து இரண்டு சுற்றுப் போட்டார். இறங்கிச் சாவியை நீட்டினார்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க டீச்சரம்மா. கிளட்ச் எம்புட்டு லேசாருக்குன்னு பாருங்க."

முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியாது என்றேன். பாய் என் கேன்வாஸ் ஷூவைப் பார்த்தார். நான் அப்போதுதான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு நானூறு மீட்டர் ஓடிவிட்டு நின்றுகொண்டிருந்தேன் என்பது உண்மைதான். ஓட்டம் வேறு, கிளட்ச் வேறு.

டிசம்பர் 28, ஞாயிறு

அரையாண்டு விடுமுறை. இரண்டு நாளாகப் பெயிண்ட் வேலை. எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டிக்கு ஒரு பூச்சு உண்டு. பழசைச் சுரண்டும் வழக்கமெல்லாம் கிடையாது. மேலே மேலே பூசிக்கொண்டே போவோம். இந்த முறை பச்சை. என் கை, மூக்கு, காது எல்லாம் பச்சை.

அண்ணன் வந்தார். பஞ்சு மூட்டை நனைகிறதா பார்க்க வந்தாராம். மூட்டையெல்லாம் அந்தப் பக்கம் கிடக்க, இந்தப் பக்கம் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். பனி நாளில் அவருக்கு இடது மணிக்கட்டு குடையும். அதை நீவிக்கொண்டே நின்றார்.

"யாரு ஓட்டப்போறா?"

"பாய்."

"நீ ஓட்டலையே?"

"இல்ல."

"ம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜெயித்துவிடுவேனோ என்ற பயம். வேறென்ன?

ஜனவரி 7, புதன்

ஐயோ, ஐயோ, ஐயோ.

காலையில் அவ்வளவு ஜம்பமாக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். பாய் ஓட்ட, நான் பக்கத்தில். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண்பிள்ளை. முப்பத்தைந்து வயது இருக்கும். கறார். பிரேக் பார்த்தார், லைட் பார்த்தார், ஸ்டீயரிங் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சேஸ் நம்பர் எங்கம்மா இருக்கு?"

"டேஷ்போர்டுல தகடு இருக்குங்க. எப்பவும் அதைத்தான் பாப்பாக."

"தகட்டை யாரும் கழட்டி மாட்டலாம். இரும்புல வெட்டுன நம்பர் வேணும். தாளை வெச்சுப் பென்சில்ல இழைச்சு எடுக்கணும்."

அதற்கென்ன என்று முன் பம்பருக்குப் பின்னால் வலப்பக்கத்து இரும்பைக் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் கைக்குழந்தைக்கும் அந்த இடம் தெரியும். நம்பர்தான் வண்டிக்கு நெற்றி என்பார் அய்யா. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமத்தில் முக்கி, அங்கேதான் அழுத்தித் தேய்ப்போம். மேலே ஈரச் சந்தனத்தை அப்புவோம். அய்யா தேய்த்தார், அப்பா தேய்த்தார், கடைசி இருபது வருஷம் நான் தேய்த்தேன். பெயிண்ட் அடித்தாலும் அந்த இடத்தில் மட்டும் அடிக்கமாட்டோம்.

இன்ஸ்பெக்டர் குனிந்து சந்தனக் கட்டியைப் பேனாவால் தட்டினார். கட்டி உதிர்ந்தது. பேனா உள்ளே போய்விட்டது.

"இங்க ஓட்டைதாம்மா இருக்கு. என்ன ஆசிட் எதுவும் ஊத்துனீங்களா?"

"எலுமிச்சம்பழங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"முப்பதாந் தேதி மறுபடி வாங்க. அதான் கடைசி. நம்பர் இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது. வண்டி நல்லாத்தான் இருக்கு, அதுக்காகச் சொல்றேன்."

ஜனவரி 8, வியாழன்

அறுபது வருஷம் கும்பிட்டே ஓட்டை போட்டிருக்கிறோம். எதிரிகூட இவ்வளவு பொறுமையாகக் கெடுக்கமாட்டான். துருவைச் சுரண்டிப் பார்த்தேன். ஒரு எண்ணின் வால்கூட இல்லை. அழுகையாக வந்தது. அழுதேன்.

ஜனவரி 11, ஞாயிறு

காசிம் பாய் தயங்கித் தயங்கி வந்தார். எவனோ ஒருவன் அவரிடம் சொன்னானாம், புது இரும்பை ஒட்டி அதில் நம்பரைப் புதிதாக வெட்டித் தருகிறேன், யாருக்கும் தெரியாது என்று.

"நான் சொல்லல டீச்சரம்மா. அவன் சொன்னதைச் சொல்றேன்."

"பாய், ஃபவுலுக்கு விசில் ஊதுறது என் வேலை. நானே ஃபவுல் ஆடவா?"

"அல்லா, நீங்க இப்படிச் சொல்லணும்னுதான் கேட்டேன்." அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் தெளியவில்லை. பத்தொன்பது நாள் இருக்கிறது. ஓட்டல்காரர் மேடைக்கு ஜல்லி இறக்கிவிட்டார் என்று கேள்வி.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

அண்ணன் வீட்டில் சாப்பாடு. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். மதினி ஆள் அனுப்பிவிட்டார். போய் உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டார். "என்னாச்சு ஒன் வண்டி?"

சொல்லவேண்டியதாகப் போயிற்று. எலுமிச்சம்பழம், பேனா, ஓட்டை, எல்லாவற்றையும். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கரும்பைக் கீழே வைத்தார்.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கந்தான். வேறெந்தப் பக்கம்?"

"நம்பர் அங்கதான் இருக்குன்னு யாரு சொன்னா?"

"என்னண்ணே கேள்வி? அங்கதான பொட்டு வெக்கிறோம்?"

"ஏத்தா, அய்யா வண்டியை ஏலத்துல எடுத்துட்டு வந்தப்ப எனக்கு ஏழு வயசு. நீ பொறக்கவே இல்ல. மாட்டுத் தொழுவத்துல கொண்டாந்து விட்டாரு. மொத பூசை. பூசாரி பொட்டு வெக்க நம்பர் இருந்த இடப்பக்கமாத்தான் வந்தாரு. அங்கிட்டுக் கட்டியிருந்துச்சு பாரு ஒரு மயிலைக்காளை, ஆளைக் கண்டாலே முட்டும். மனுசன் அலறியடிச்சு இங்கிட்டுச் சுத்தி வந்து, வலப்பக்கம் பொட்டை அப்பிட்டு ஓடியே போயிட்டாரு. நான் சிரிச்சேன்னு அய்யா முதுகுல ரெண்டு வெச்சாரு. அதுலருந்து எல்லாரும் அங்கேயேதான் வெச்சுக்கிட்டு இருக்கீக."

நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். "இத்தனை வருசமா ஏண்ணே சொல்லல?"

"யாரு கேட்டா?"

பாய்க்கு உடனே போன் போட்டேன். அவர் மெல்லச் சொன்னார். "இதே மாதிரி வண்டி ரெண்டு மூணு பாத்திருக்கேன் தாயீ. எல்லாத்துலயும் இடப்பக்கந்தான் இருந்துச்சு. ஒங்க வண்டி மட்டும் வேறயோன்னு நெனச்சேன். ஒங்க அப்பா செருப்பைக் கழட்டிட்டுத்தான் அந்த இடத்தைத் தொடுவாரு. நான் எப்படிச் சந்தேகப்படுறது?"

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப்பொங்கல்

விடிந்ததும் விடியாததுமாகப் பாய் தீப்பெட்டியளவு உப்புத்தாள் துண்டுகளும் பெயிண்ட் கரைக்கும் மருந்துமாக வந்துவிட்டார். இடப்பக்கத்து இரும்பில் அறுபது வருஷப் பெயிண்ட். விரல் கனத்துக்கு மொத்தமாக உட்கார்ந்திருந்தது. மருந்தைத் தடவி, ஊறவிட்டு, சுரண்டினோம். பச்சை போனது. நீலம் வந்தது. நீலம் போனது, காப்பிக்கொட்டை நிறம் வந்தது. அதற்கடியில் ஒரு மஞ்சள். அப்பா எந்தக் கிறுக்கில் மஞ்சள் அடித்தாரோ.

எட்டு மணிக்கு அண்ணன் வந்தார். மூட்டை நனைகிறதா பார்க்க வந்தேன் என்றார். மழை நின்று ஒரு மாதமாகிறது. பத்து நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு, "நீங்க சொரண்டுற லட்சணத்துக்கு அடுத்த பொங்கல் வந்துரும்," என்று வேட்டியை மடித்துக் கட்டினார். நேற்றுக் கட்டிய பட்டுக்கரை வேட்டி. அப்படியே மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

பத்தே முக்காலுக்கு அடியிலிருந்து குரல். "வேலு, ஒரு ஏழு தெரியுது."

நானும் தவழ்ந்து போனேன். பாயும் போனார். மூன்று தலையும் முட்டிக்கொண்டன. ஏழு. அதற்குப் பக்கத்தில் மூன்று. பாய் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. நான் வெளியே வந்து டேஷ்போர்டுத் தகட்டைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். அண்ணன் அடியில் கிடந்து ஒவ்வொரு எண்ணுக்கும் "இருக்கு", "இருக்கு" என்றார். கடைசி எண்ணை இரண்டு தரம் படிக்கவேண்டியதாயிற்று.

"அண்ணே?"

"இருக்குத்தா! அப்படியே இருக்கு!"

நேற்று வெட்டியதுபோல இருந்தது. பெயிண்ட் மூடி மூடிக் காத்திருக்கிறது. பூசாரி மட்டும் அன்றைக்குத் தைரியசாலியாக இருந்திருந்தால் இந்தப் பக்கம்தான் ஓட்டை விழுந்திருக்கும். பேர் தெரியாத அந்தக் காளைக்கு மனதார ஒரு கும்பிடு போட்டேன்.

சட்டையெல்லாம் மஞ்சளும் நீலமுமாக அண்ணன் வெளியே வந்தார். ஜெயித்தவர் மாதிரி சிரித்தார். அவர் தோற்கிற பக்கம் என்பதே மறந்துவிட்டது போலிருக்கிறது. நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஜனவரி 22, வியாழன்

வலப்பக்கத்து ஓட்டைக்குப் பாய் கனமான இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்துவிட்டார். பாறைமேல் ஏறினாலும் அசையாது என்கிறார். மறுபடி சாவியை நீட்டினார். மறுபடி முழங்கால் என்றேன்.

"டீச்சரம்மா, ஒங்க முழங்காலைப் பத்தி எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு வண்டியைத் தூக்கி எடுத்தவரே அவர்தான்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்திலிருந்து இறங்கும்போது ஏழாவது வளைவில் வண்டி கவிழ்ந்தது. அண்ணன் இடது கை மூன்று இடத்தில் உடைந்தது. பிழைத்ததே பெரிது என்றார்கள். வண்டியை ஓட்டியது அப்பா என்று ஊர் முழுக்கச் சொன்னோம். அப்பாவே அப்படித்தான் சொன்னார். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஸ்டீயரிங் என்று யாரும் பேசிவிடக்கூடாது என்று சொன்னார். அப்பா அன்று வண்டியிலேயே இல்லை.

அண்ணன் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. மதினியிடம்கூடச் சொல்லவில்லை. நானும் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடி பவர் மாறியதெல்லாம் ஒன்றுமில்லை.

ஜனவரி 28, புதன்

பாய் மகளுக்கு வலி கண்டு மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பாயும் போய்விட்டார். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். ஆனால் நாளை மறுநாள் முப்பதாம் தேதி.

ஜீப் ஸ்டாண்டில் இரண்டு டிரைவர்களைக் கேட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள். கியர் மாற்ற இரண்டு தரம் கிளட்ச் மிதிக்கவேண்டும் என்றதும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஜனவரி 29, வியாழன்

காலை ஐந்தரை மணிக்குப் பள்ளி மைதானம். வண்டியைப் பாய் அங்கேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தார். யாருமில்லை. ஏறி உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். "வேலுத்தாயி, ஆன் யுவர் மார்க்," என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எனக்கே சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது.

முதல் சுற்றில் மூன்று தரம் அணைந்தது. இரண்டாவதில் ஒரு தரம். ஏழாவது சுற்றில் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. காலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மொத்தம் இருபத்திரண்டு சுற்று. கோல் கம்பத்தை மட்டும் லேசாக இடித்துவிட்டேன். தலைமையாசிரியரிடம் பிள்ளைகள் பந்தடித்தது என்று சொல்லவேண்டும். இல்லை, உண்மையையே சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 30, வெள்ளி

ஏழு மணிக்குச் சாவியோடு வாசலுக்கு வந்தால் இடப்பக்கத்து சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"எறங்குண்ணே. நான் ஓட்டுறேன். பாய் இல்ல."

"தெரியும். நேத்து மைதானத்துக்கு வெளிய நின்னுதான் பாத்தேன். வண்டியை எடு."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக ஒன்னைத் தனியா விடச் சொல்றியா? அந்தச் சனியனைச் சிமெண்டுல பதிச்சிட்டா நீ என்னைக்கும் ஏற மாட்டேன்னு நெனச்சேன். நீ கேட்டாத்தானே?"

இரண்டு மாதமாக இந்த டைரியில் இவரைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறேன். அடிக்கப் போவதில்லை, கிடக்கட்டும்.

வழி முழுக்க அவர் முன்னாலிருந்த கம்பியை விடவில்லை. ஆடு, பஸ், சைக்கிள் எதைப் பார்த்தாலும் "ஏத்தா, ஏத்தா" என்றார். ரயில்வே கேட்டில் மட்டும் நான் அதட்டினேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டு, வேகமாகப் போனால் மட்டும் இருமினார்.

இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்த்துவிட்டு ஒரு தாளை வைத்தார். பென்சிலால் இழைத்தார். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒவ்வொரு எண்ணும் தாளில் ஏறியது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். எதுவும் குறையவில்லை.

"இதை எங்கேயிருந்தும்மா பிடிச்சீங்க?"

"இடப்பக்கம் இருந்துச்சுங்க. நாங்கதான் அறுபது வருசமா வலப்பக்கம் கும்பிட்டோம்."

இந்தத் தடவை சிரித்துவிட்டார். "பிரேக்கை இன்னொரு தடவை பாக்கணும். டிரைவரை எடுக்கச் சொல்லுங்க."

"டிரைவர் நான்தான்."

அவரே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். டெஸ்ட் மைதானத்தைச் சுற்றி, மேட்டில் ஏற்றி, பாதி மேட்டில் நிறுத்தி, பின்னால் ஒரு அங்குலம் நழுவாமல் மறுபடி எடுத்தேன். அண்ணன் தூரத்தில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. இறங்கியதும் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

இன்னும் ஐந்து வருஷம்! சத்தியமாகச் சொல்கிறேன், என் பிள்ளைகள் மாநிலப் போட்டியில் கோப்பை வாங்கிய அன்றுகூட எனக்கு இப்படித் துள்ளவில்லை. வரும் வழியில் அண்ணனுக்கும் எனக்கும் பரோட்டா. மாலையில் பாய் போன் செய்தார். பெண் குழந்தையாம். அவர் என் செய்தியைக் கேட்டு அழுதார், நான் அவர் செய்தியைக் கேட்டு அழுதேன்.

ஜனவரி 31, சனி

ஓட்டல்காரர் காலையிலேயே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார், அளவு எடுக்கும் டேப்போடு. மேடை முடிந்துவிட்டதாம், சக்கரத்துக்குக் குழி எவ்வளவு அகலம் விடவேண்டும் என்று பார்க்கவேண்டுமாம். நேற்று ராத்திரி வண்டியை அங்கேயே விட்டிருந்தோம்; நான் அதைத் துடைத்துக்கொண்டு வாசலில்தான் நின்றேன். என்னைப் பார்த்து, "டிரைவரைக் கூப்பிட்டு வண்டியைக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு எடுக்கச் சொல்றீங்களா?" என்றார்.

மதினி காப்பித் தம்ளரோடு நிலைப்படியில். எதிர்வீட்டார், தெருவில் போனவர்கள் என்று நாலைந்து பேர் வேறு.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"டேப்பைச் சுருட்டுங்க சார். இது மலையேறுற வண்டி, நிக்கிற வண்டி இல்ல. டிரைவர் வேற யாரும் இல்ல, என் தங்கச்சிதான். இன்னைக்கு நேத்து ஓட்டுறவ இல்ல. இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னாடியே என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு மலையிலிருந்து எறக்கிட்டு வந்தவ."

மதினி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடப்பக்கமாக வந்து ஏறி உட்கார்ந்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? தோட்டத்துக்கு வண்டியை எடு."